கழுவாமல் கொண்டுவந்த கைகள்

பிளாச்சானைத் தணலில் வாட்டினால் அந்த வாடை சுவருக்கும் வேலிக்கும் கட்டுப்படாது. கூனிறாலை உப்புப் போட்டு இடித்து, வெயிலில் காயவைத்துக் கட்டியாக்கிய அந்தச் சரக்கு சும்மா இருக்கும்போதே நாறும். நெருப்பில் பட்டால் கேட்கவே வேண்டாம், தெருவே திரும்பிப் பார்க்கும். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த, தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி அம்மாவை நாங்கள் "பீபி" என்று கூப்பிடுவோம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மலாயில் சாமி கும்பிடுகிறவர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை எங்கள் பெயர்களும் நாலைந்து பலகாரங்களின் பெயர்களும்தான். அவர் சம்பலுக்காகப் பிளாச்சான் சுடுகிற நாட்களில் எங்கள் அப்பா லோரியை முச்சந்தியில் நிறுத்திவிட்டு நடந்து வரும்போதே, "இன்னைக்குப் பீபி வீட்டுல சோறு கூட ஒரு பிடி எறங்கும்" என்று சொல்லிக்கொண்டு வருவார். அப்பாவை நினைத்தால் எனக்கு முகம் வருவதற்கு முன்னால் அவருடைய மூக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்பா ரப்பர் ஷீட் ஏற்றும் லோரி ஓட்டினார். ஜாசினுக்கும் தம்பினுக்கும் அலோர் காஜாவுக்கும் அவர் போனது ரப்பருக்காகவா, அந்தந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்காகவா என்று அம்மா கேலி செய்வாள். "சாப்பாட்டு ராமன்" என்றுதான் எங்கள் உறவில் அவருக்குப் பெயர். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் "கெலிண்டான்" மாணிக்கம் மாமா, அப்பாவோடு ஊர் ஊராகச் சாப்பிட்டே தொப்பை வைத்தவர்.

அந்த அப்பாவுக்குத்தான் தொண்டையில் கட்டி வந்தது. சுதந்திரம் வரப்போகிறது, வந்துவிட்டது என்று மலாக்காவே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கட்டி மூக்குக்குப் பின்னால் ஆரம்பித்து இறங்கியிருக்கிறது, இனிமேல் செய்வதற்கு அதிகமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முன்னறையில் கேன்வாஸ் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்தோம். கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடவேண்டும். அதிலும் பாதி வெளியே வந்துவிடும். குரல் கரகரவென்று காற்றாகிப் போயிருந்தது.

வீட்டில் அன்றிலிருந்து தாளிப்பு நின்றது. அம்மா கடுகு டப்பாவை எடுத்து மேல் பலகையில் வைத்துவிட்டாள். அவர் அங்கே எச்சில் விழுங்க முடியாமல் கிடக்கும்போது இங்கே மீன் குழம்பு கொதித்தால் அது என்ன மனசு என்று நினைத்திருப்பாள். எங்களுக்கும் கஞ்சி, உப்பு, சில நாள் சுட்ட அப்பளம். பீபிகூடப் பிளாச்சான் சுடுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் சேகருக்கு அப்போது பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. வளர்கிற பையன் கஞ்சியைக் குடித்துக் குடித்துச் சட்டைக்குள்ளே தொலைந்து போனான். நானோ அந்தக் கஞ்சியும் வேண்டாம் என்று அடம்பிடித்தேன். அப்பா சாப்பிடாத வீட்டில் சாப்பிடுவது தப்பு என்று எனக்குள் எப்படியோ புகுந்துவிட்டது.

ஒரு மத்தியானம் பீபி மனசு கேட்காமல் எனக்கு ஒரு கிண்ணத்தில் கோழிக் கறி கொடுத்து, தன் அடுப்படியிலேயே உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார். நான் திருடியைப் போல வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கைநீட்டிக் கூப்பிட்டார். என் வலது கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மூச்சை இழுத்தார். நான் பயந்து நின்றேன். "நல்லா இருக்கு, பாப்பா. இப்படியே தினமும் சாப்பிட்டுட்டு வந்து கையைக் காட்டு. எனக்கு வயிறு நெறஞ்சிடும்" என்றார். அம்மா சமையலறைக் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே கடுகு டப்பா கீழே இறங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. நானும் அண்ணனும் கறியைப் பிசைந்து வயிறாரச் சாப்பிடுவோம். கை கழுவாமல் எழுந்து முன்னறைக்குப் போவோம். அப்பா ஒவ்வொரு கையாக வாங்கி மோந்து, இன்று மீன் குழம்பு, இன்று முருங்கைக்காய் என்று சொல்வார். நாங்கள் தலையாட்டிவிட்டுப் போய்க் கழுவுவோம். சாப்பிடுவது தப்பு என்பது போய், சாப்பிடாவிட்டால்தான் தப்பு என்றாகிவிட்டது. அண்ணன் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது.

அப்போதுதான் சந்தைச் செய்தி வந்தது. கடற்கரைத் திடலில் எல்லா இனத்துச் சாப்பாட்டுக் கடைகளும் வரப்போகின்றன என்று வேனில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். மலாய்க்காரர்கள், சீனர்கள், உஜோங் பாசிர் போர்த்துகீசியர்கள், மாமாக் என்கிற தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில். பெரியவர்களுக்கு பீர் கூடாரமும் உண்டு என்று மாணிக்கம் மாமா தனியாக விசாரித்து வந்து சொன்னார். அம்மா போகவேண்டாம் என்றாள். அப்பா போயே தீரவேண்டும் என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் கட்டிலைச் சுற்றித் திட்டம்தான். வெறும் வயிற்றோடு போகாதே, பசியோடு போகிறவன் முதல் கடையிலேயே ஏமாந்துவிடுவான். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வா. கூவி அழைக்கிற கடையை விட்டுவிடு. கடைக்காரனின் பிள்ளைகள் எந்தச் சட்டியிலிருந்து தின்கின்றனவோ அந்தச் சட்டிக்கு முன்னால் போய் நில். இதையெல்லாம் காற்றுக் குரலில், இடையிடையே எச்சிலைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார். பிறகு பங்கு பிரித்தார். எனக்குச் சாத்தே, செரெய் என்ற வாசனைப் புல்லை அரைத்துத் தடவிக் குச்சியில் சுட்ட கறியை, கச்சான் என்கிற நிலக்கடலைக் குழம்பில் முக்கி, விரலில் குழம்பு படும்படித் தின்னவேண்டும். அண்ணனுக்கு ஆட்டிறைச்சியும் வெங்காயமும் பொதிந்த ரொட்டி, முர்தபா. அம்மாவுக்குப் புத்து பிரிங், அதாவது உள்ளே குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் வைத்து அவித்த அரிசிமாவுப் பலகாரம். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு அவர் வாங்கிக்கொடுத்த முதல் பண்டம் அது என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாணிக்கம் மாமாவுக்குக் கருப்பு பீர், அதில் ஒரு கைக்குட்டையின் முனையை நனைத்து எடுத்து வரவேண்டும்.

"யாரும் கை கழுவக் கூடாது" என்றார் அப்பா. "இலையில தொடச்சிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. நான் இங்கயே கெடந்து சந்தை பூராவும் சுத்தி வந்துடுவேன்."

எனக்குச் சந்தை ஆசையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அப்பாவுக்கு இதுதான் கடைசி விருந்து, அது என் கையில் வருகிறது என்று நினைத்தேன். சின்னப் பிள்ளைதான், ஆனால் கடைசி என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை இல்லை.

சந்தை நாளன்று பீபி வந்து அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்தார். நாங்கள் மாணிக்கம் மாமாவோடு பஸ்ஸில் போனோம். அப்போது கடல் திடலை ஒட்டியே கிடந்தது. புகை, பாட்டு, கொடிகள், நசுங்குகிற கூட்டம். சொன்னபடி ஒரு சுற்று வந்தோம். அண்ணனுக்கு முர்தபா உடனே கிடைத்துவிட்டது. சாத்தேக் கடையில் எனக்கு முன்னால் பெரிய கூட்டம் நின்றது. என் முறை நெருங்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தணல் அணைந்து வெள்ளைப் புகை எழுந்தது, சாத்தேக்காரர் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டார். ஓடி ஒதுங்கிய தகரக் கூரைக்கு அடியில் ஒரு மலாய் அம்மா வாழை இலையில் கணவாயை வைத்து, மிளகாயும் பிளாச்சானும் அப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார். பசியில் நான் வாங்கித் தின்றேன். காரத்தில் கண்ணீர் வர, பத்து விரலும் சிவக்கத் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் சாத்தே ஞாபகம் வந்தது. சாத்தேக் கடை இருந்த இடத்தில் வெறும் சேறு.

அம்மாவுக்கு மாணிக்கம் மாமா புத்து பிரிங் வாங்கி வந்து கொடுத்தார். அவள் அதைக் கையில்கூட வாங்கவில்லை. எனக்கு இறங்காது, சேகரிடம் கொடு என்றாள். அண்ணன் தின்றான்.

மழை கையைக் கழுவிவிடுமே என்று அண்ணனும் நானும் வலது கையைச் சட்டைக்குள்ளே மடக்கிவைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். என் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒரு பெண்மணி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார். கண்டக்டர் ஜன்னலைத் திறந்தார். மாணிக்கம் மாமா சிரித்தார், அண்ணன் சிரித்தான், நான் அழுதேன். சாத்தே இல்லையே என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அம்மா ஈரப் புடவையோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தோம். எங்களைப் பார்த்ததும் பீபி எழுந்து தன் வீட்டுக்குப் போனார். அப்பா தலையணையைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தே இருந்தார். முகம் சவரம் செய்திருந்தது. பீபியின் மகனைக் கூப்பிட்டுச் செய்துகொண்டாராம்.

முதலில் அண்ணன் கையை நீட்டினான். அப்பா கண்ணை மூடி இழுத்தார். "முர்தபா. வெங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்றார். அண்ணன் பெருமையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தான். அடுத்தது நான். சாத்தே கிடைக்கவில்லையப்பா என்று சொல்லத் தொடங்குவதற்குள் அவர் என் கையைப் பிடித்துவிட்டார். விரல்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் மோந்தார். பஸ்ஸையே காலி செய்த கை அது.

"சாத்தே" என்றார் அப்பா. முகம் மலர்ந்திருந்தது. "கச்சானை நல்லா கருக வறுத்து அரைச்சிருக்கான். செரெய் வாசம்கூட வருது."

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை பின்னாலிருந்து என் தோளில் விழுந்தது. அண்ணன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. மாணிக்கம் மாமா வாசற்பக்கம் திரும்பிக்கொண்டார். அறை முழுக்கப் பிளாச்சான் நாற்றம் அடித்தது, அது அப்பா ஒருவருக்கு மட்டும் எட்டவில்லை. பீபி வீட்டுக் கோழிக் கறியும் எட்டியிருக்காது, மீன் குழம்பும் முருங்கைக்காயும் எட்டியிருக்காது. சமையலறையில் நாங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் சொல்லியிருக்கிறார். மூக்கையும் அந்தக் கட்டி எப்போதோ தின்றுவிட்டது. நாங்கள் சாப்பிடவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை நாளும் எங்கள் கையைப் பிடித்துப் பிடித்து வாசனை பிடித்திருக்கிறார்.

அம்மா என்னை மெல்ல விலக்கிவிட்டுக் கட்டிலருகே மண்டியிட்டாள். எங்கள் முன்னால் அவள் அப்பாவிடம் இப்படி நெருங்கி நான் பார்த்ததே இல்லை. மழையில் நனைந்து சுருங்கிய, எதையும் தொடாத அந்தக் கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எனக்கும் பாருங்க" என்றாள்.

அப்பா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் மூச்சை இழுத்தார். "புத்து பிரிங். குலா மலாக்கா உருகி விரல்ல ஒட்டியிருக்கு, பார்வதி. ரெண்டு தின்னியா?"

"மூணு" என்றாள் அம்மா.

மாணிக்கம் மாமா கொண்டுவந்த கைக்குட்டையை அப்பா வாங்கி, நாளைக்கும் வாசம் இருக்கும் என்று தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் புளி போட்டுக் கையைத் தேய்த்தாள். வாடை போகவில்லை. தேய்த்துக்கொண்டே, நாளைக்கு என்ன சமைக்கட்டும் சொல்லு என்று கேட்டாள். அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது, தேய்ப்பு மட்டும் நிற்கவில்லை.

மறுநாள் குழம்பு கொதிக்கும்போது அண்ணன், "அம்மா, இன்னைக்கு நெத்திலிக் கருவாடா?" என்று முன்னறைக்குக் கேட்கும்படிச் சத்தமாகக் கேட்டான். ஆமாம்டா என்று அம்மாவும் சத்தமாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினோம். "நெத்திலி" என்றார் அப்பா. அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நாங்கள் தெரிந்துகொண்டோம் என்பது அவருக்குத் தெரிந்ததா என்பது மட்டும் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. சந்தை முடிந்து சில வாரங்களில் அவர் போய்விட்டார். அம்மா தலையணையை எடுத்தபோது புளித்த பீர் வாடை எழுந்தது, வந்தவர்கள் என்னவோ என்று பார்த்தார்கள். அம்மா கடைசி வரை புத்து பிரிங் தின்னவில்லை.

இப்போது நான் புக்கிட் பாருவில் மகளோடு இருக்கிறேன். திடலுக்கு அருகே கிடந்த கடலை மண் கொட்டித் தூரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் கடைவளாகங்கள் நிற்கின்றன. போன மாதம் அந்தப் பக்கம் பெரிய உணவு விழா நடந்தது. எந்தக் கடையில் முதலில் என்ன சாப்பிடுவது என்று பேரப்பிள்ளைகள் போனிலேயே பார்த்து முடிவு செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு கணவாய் தின்றார்கள். நான் மட்டும் கையால் தின்றேன். மாணிக்கம் மாமா இல்லை, அம்மா இல்லை, அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர், இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து, நான் வெளியே சாப்பிட்டு வந்தால் "கையைக் காட்டு" என்று கேலியாகக் கேட்பார். அவரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார்.

"கை நாறுதும்மா, தொடைங்க" என்று மகள் வாசனைக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். விரல்களை ஒருமுறை மோந்து பார்த்தேன். பிளாச்சான், சந்தேகமே இல்லை. கழுவாமல் கொண்டுபோய் நீட்ட வீட்டில் ஆளில்லை என்பதால் காகிதத்தை வாங்கித் துடைத்துக்கொண்டேன்.