யாத்திரைக்காரர்கள் விட்டுக்கொடுத்த அறை

மூன்று வருஷங்களுக்கு முந்திய டிசம்பர் மாதம் அது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கி ஹட்டன் டவுன் நிரம்பி வழிந்த நேரம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, நிறைமாதமாக இருந்த என் தங்கைக்காக ஒரு ஹோட்டல் அறை தேடி அலைந்தேன்.

எங்கள் ஊர் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். நான் அங்கே பாடசாலையில் படிப்பிக்கிறேன். தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் தடவை வலி வந்தபோது தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பாதையில் மண் சரிந்து கிடந்ததால் லொறி நகரவில்லை. பாதி வழியிலேயே பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அதற்கு உயிர் இல்லை. அதற்குப் பிறகு தங்கை லொறிச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுவாள்.

இந்த முறையும் மழை விடவில்லை. கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: “இன்னும் நாள் இருக்கு. இப்பவே வச்சுக்க வார்ட்ல இடமில்ல. ஆனா அந்த ரோட்டை நம்பி தோட்டத்துல இருக்காதீங்க. டவுன்ல எங்கயாவது தங்குங்க.”

டவுனில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. தங்கையின் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு கிடைக்கும் என்றார். அதனால் இடம் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் ஹோட்டலில் தங்கியதே இல்லை. எதைப் பார்த்து அறை எடுப்பது? படி ஏறக் கூடாது, அறைக்குள்ளேயே கொமோட் வைத்த பாத்ரூம் வேண்டும், சுடுதண்ணீர் வேண்டும். கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்க வேண்டும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் தங்கையை உட்கார வைத்துவிட்டுக் குடையோடு கிளம்பினேன். முதல் லொட்ஜில் பாத்ரூம் நடைபாதையின் கடைசியில் இருந்தது. இரண்டாவது இடம் அழகாக இருந்தது. பளபளவென்று தரை, பெரிய ஜன்னல். சரி என்று சொல்லிவிட்டுத் தங்கையை அழைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் அவள் வயிற்றைப் பார்த்ததும் சாவியை மேசைக்குள் வைத்துவிட்டார். “இங்க ஏதும் ஆனா எங்களுக்குப் பிரச்சினைங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தங்கையின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

“அக்கா, பேசாம வீட்டுக்கே போயிடுவோம்க்கா” என்றாள்.

கடைத்தெருவுக்கு உள்பக்கம் ஒரு சந்தில் மூன்றாவது லொட்ஜ் இருந்தது. நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயது இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கைவைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுத் தங்கையை உட்கார வைத்தார். உள்ளே குரல் கொடுத்து இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்தார்.

“ரூம் இல்லண்டு சொல்றதுக்கு முந்தி இதைக் குடிக்கட்டும் தங்கச்சி” என்றார்.

தெற்குப் பக்கமிருந்து மலைக்கு வந்த ஒரு சிங்களக் குழு எல்லா அறைகளையும் எடுத்திருந்தது. மழை குறையும்வரை அங்கேயே தங்கப் போகிறார்களாம். எங்கள் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு நானா தலையைச் சொறிந்தார். “கீழ ஒரே ஒரு ரூம்தான். அதுல அந்தக் குழுவைக் கூட்டிட்டு வந்த அம்மா இருக்காங்க. அவங்களுக்கு முழங்கால் ஏலாது. எதுக்கும் கேட்டுப் பார்க்கிறன்.”

மலை ஏறப் போகிறவர்கள் பிள்ளைப்பேறு நடக்கிற இடத்துப் பக்கம் போகக் கூடாது, தீட்டு என்பது எங்களிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. இவர்களும் சாவியை எடுத்து உள்ளே வைக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளைச் சேலை உடுத்திய அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் சிங்களத்தில் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“எத்தனையாவது பிள்ளை?” என்று தங்கையிடம் கேட்டார்.

“ரெண்டாவது.”

“மூத்தது யார்கிட்ட இருக்கு?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அந்த அம்மா அதைக் கேட்டார். திரும்பி அறைக்குள் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “அம்மே, நீங்க மலைக்குப் போறவங்க. இங்க ஏதும் நடந்தா உங்களுக்குத் தீட்டாயிடும்” என்றேன்.

“மலைக்கு எதுக்குப் போறோம்? எல்லாரும் நல்லா இருக்கணும்னு கேட்கத்தானே” என்றார்.

படியில் நின்ற வயதான ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். அந்த அம்மா அவரை அண்ணாந்து பார்த்து, “உனக்குப் பயமா இருந்தா இன்னொரு தடவை குளிச்சுக்க” என்றார். மேலே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா ஒரு கையில் பையோடு, மற்றக் கையால் முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படி ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் மழை குறைந்தது. அவர்கள் மலைக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் தங்கைக்குப் பனிக்குடம் உடைந்தது. வலி ஒரேயடியாக வந்தது. நானா உடனே அம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார். அது டவுன் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சந்தைக் கூட்டம், லொறிகள், யாத்திரை வேன்கள் எல்லாம் சேர்ந்து தெரு இறுகிப்போய்க் கிடந்தது. கீழே சந்தியிலேயே நிற்கிறோம், மேலே வர வழியில்லை என்றார்கள்.

தங்கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “போன தடவ மாதிரியே ஆகப் போகுதுக்கா” என்றாள்.

சத்தம் கேட்டு அந்த அம்மா இறங்கி வந்தார். ஒரே பார்வைதான். மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். முதலில் ஓடி வந்தவர், முணுமுணுத்தாரே, அந்த மனுஷன்தான். கைவைத்த நாற்காலியில் தங்கையை உட்கார வைத்து, நான்கு ஆண்கள் தூக்கினார்கள். பெண்கள் நாலாபக்கமும் குடை பிடித்தார்கள். நானா முன்னால் போய், “பிள்ளைத்தாச்சி வருது, வழி விடுங்க” என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினார். மரக்கறிக்காரர்கள் லீக்ஸ் கூடைகளை உள்ளே இழுத்தார்கள். ஒரு முச்சக்கரவண்டிக்காரர் தன் வண்டியை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தினார். தூக்கிக்கொண்டு போன ஒருவரின் செருப்பு சேற்றில் கழன்று விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய வெள்ளை உடுப்பெல்லாம் சேறும் நீரும் கறையுமாகிவிட்டன. அந்த அம்மா முழங்கால் வலியோடு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நடந்தார், தங்கையின் கையை விடாமல். அம்புலன்ஸ் கதவு மூடும்போதுதான் அந்தக் கை விடுபட்டது.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டதும் வெளியே நின்ற நானும் அழுதேன். நானாவின் போன் வந்தது.

“தங்கச்சி, இவங்க இன்னும் போகல்ல. செய்தி தெரியாம பஸ்ல ஏற மாட்டாங்களாம்.”

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றேன். அவர் சிங்களத்தில் சொல்வதும், பின்னால் எல்லாரும் ஒன்றாகச் சத்தம் போட்டதும் போனில் கேட்டன.

மறுநாள் தங்கையின் வீட்டுக்காரரோடு சாமான்களை எடுக்க லொட்ஜுக்குப் போனேன். மேல்மாடிக் கம்பி முழுக்க வெள்ளைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்களால் அவர்களுடைய பயணம் ஒரு நாள் தள்ளிப் போய்விட்டதே என்று மன்னிப்புக் கேட்டேன்.

“மலை உச்சியில பாதம் அங்கேயேதான் இருக்கும், மகளே. பிள்ளை நல்லாப் பால் குடிக்குதா?” என்று கேட்டார் அந்த அம்மா. தங்கையின் வீட்டுக்காரர் குனிந்து அவர் காலைத் தொட்டபோது, வலிக்கிற முழங்காலைத் தொட்டுவிடாதே என்று சிரித்தார். அன்று பின்னேரம் அவர்கள் மலைக்குப் போனார்கள். மேலே வரை ஏறினாரா, பாதியில் உட்கார்ந்துவிட்டாரா, தெரியாது.

அவருடைய ஊர்ப்பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறைதான். டிசம்பர் வந்தால் யாத்திரை பஸ்கள் மஸ்கெலியா வழியாகப் போகும். நான் பாதையோரம் நின்று ஜன்னல் ஜன்னலாகப் பார்ப்பேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், முன்பின் தெரியாத ஒருத்திக்காக அந்த அறையை அப்படிச் சட்டென்று விட்டுக்கொடுத்திருப்பேனா என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்வேன். பதில் இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் உதவி கேட்டு யாராவது என் முன்னால் வந்து நிற்கும்போது அந்தக் கேள்விதான் என்னை நாற்காலியை இழுத்துப் போட வைக்கிறது.