மைனி நடந்த நடை

அண்ணனின் நீலச் சட்டையைப் போட்டு, அவன் சாரத்தை இடுப்பில் கட்டி, கண்மையால் மீசை வரைந்துகொண்டு மைனி கோவில் மைதானத்தில் இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையை நினைக்காமல் ஒரு வாரம் கடப்பதில்லை. மைனி என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக்குப் பக்கம். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த மதுக்கடையை மூடச் சொல்லி மகளிர் குழுப் பெண்கள் மனுக் கொடுத்தே சலித்திருந்தார்கள். வீதி நாடகம் போட்டால் ஊர் கேட்கும் என்று சொன்னது நான். ஆசிரியை என்பதால் எழுதுகிற வேலையும் என்னிடமே வந்தது. குடிகாரக் கணவனாக நடிக்க யாரும் முன்வரவில்லை. மைனியைக் கெஞ்சி இணங்க வைத்ததும் நான்தான்.

வீட்டில் குரல் உயர்த்தாதவள் அவள். ஒத்திகையில் வசனத்தை ஒப்பித்ததோடு சரி. அன்றைக்கு மட்டும் இடது தோளைத் தாழ்த்தி, இல்லாத படியைத் தேடுவதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். விளக்குக் கம்பத்திடம் மரியாதையாக வழி கேட்டாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், கதவைத் தட்டுமுன் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட வேண்டுமென்று தவித்தாள். எதையும் நான் எழுதியிருக்கவில்லை. "ஏலே, இது நம்ம சூளைக்காரன்லா!" என்று யாரோ கத்தினார்கள். செங்கல்சூளையில் வேலை பார்த்த அண்ணன் ஆண்கள் கூட்டத்தில் நின்றிருந்தான். முதலில் உரக்கச் சிரித்தவன் அவன்தான். பிறகு அவன் வாய் மெல்ல மூடியதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு நாடகம் எடுபட்ட பெருமைதான் பெரிதாக இருந்தது.

வீட்டில் அவன் அடிக்கவில்லை, ஏசவில்லை. சோற்றின் முன் உட்கார்ந்து, "ஏட்டி, நான் அப்படியா நடக்கேன்?" என்று மட்டும் கேட்டான். மைனி குழம்பை ஊற்றினாள். இரண்டு நாள் குடிக்காமல் இருந்தான். மூன்றாம் நாள் குடித்தான்.

நாடகம் பார்த்த கூட்டமே திரண்டு கடைமுன் உட்கார்ந்தது. கடை மூடப்பட்டது. பாயசம் வைத்து வீடுவீடாகக் கொடுத்தோம். சில மாதங்களில் அதே கடை நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் திறந்தது. அண்ணன் சாலையைக் கடந்து போய்வரத் தொடங்கினான். மழை பெய்த ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது லாரி அடித்துவிட்டது.

துக்க வீட்டில் ஒரு பெரியவர், "கடை பக்கத்துல இருந்திருந்தா எப்படியும் வீடு வந்து சேந்திருப்பான்" என்றார். எங்களைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னார். பக்கத்தில் இருந்த காலத்திலும் அது அவனைக் கொன்றுகொண்டுதானே இருந்தது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் அந்தச் சாலை கண்ணில் வந்து நிற்கும்.

சென்ற ஆண்டு, சாலைக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் என் நாடகத்தைக் கேட்டு வந்தார்கள். இப்போது கடை அவர்கள் ஊரில். மூடினால் இன்னும் தள்ளி எங்கோ திறக்கும். நான் மைனியைப் பார்த்தேன். "குடு மக்கா. அவியளுக்கும் வீட்டுல ஆளு உண்டுல்லா" என்றாள். கொடுத்தேன். கொடுப்பதற்கு என்னிடம் வேறு என்ன இருந்தது?

நாடகத்தன்று எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். கணவனாக நடித்த பெண் பின்பக்கம் சாய்ந்து, சாரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, எதிர்ப்பட்ட எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி வந்தாள். அதுவும் நான் எழுதியதல்ல. கூட்டம் ஆர்ப்பரித்தது. மைனி சிரிக்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, பின்னால் நின்ற ஆண்களை முகம் முகமாகப் பார்த்தாள்.

"இப்படி நடக்குத ஆளு எங்க நிக்காரு மக்கா?"

நானும் எழுந்து தேடினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.