பொட்டு வைத்த மரத் துப்பாக்கி

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இருந்தும் மலேசியாவில், பெக்கான் நானாஸில் அவர் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நான் மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஆட்களிடம் பேச எனக்கு வராது. வேலை முடிந்தால் அறைக்குள் போய், எந்த ராணுவமும் எடுத்துக்கொள்ளாத துப்பாக்கிகளைப் பற்றிக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதில் ஒன்றின்மேல் தனி ஆசை. ஜெர்மனியில் பல வருடம் செய்து பார்த்தது. தோட்டாவுக்குப் பித்தளைக் கூடே கிடையாது. மருந்தைக் கட்டியாக அழுத்தி அதற்குள் குண்டைப் புதைத்திருப்பார்கள். சூடேறித் தானாக வெடிக்கும் குறையையும் சரிசெய்தார்கள். ராணுவம் வாங்கும் நேரத்தில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றாகி, பணம் வேறு பக்கம் போய்விட்டது. தொழிற்சாலையில் மிஞ்சிய ரப்பர் மரத் துண்டுகளில் அதைப் போலவே ஒன்றைச் செதுக்கினேன். வருடக்கணக்கில் பிடித்தது.

போன ஆயுத பூஜைக்கு அக்கா தையல் மெஷின், கார் சாவி, பாராங் கத்தி, என் ரம்பம் எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கினாள். துப்பாக்கியையும் எடுத்துவரச் சொல்லி, அவளே சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

அத்தான் குளித்துவிட்டு வந்தார்.

"அலமாக்! இந்தக் கட்டைய யாரு இங்க வச்சது?"

"அவன் கையால செஞ்சதுங்க. இருக்கட்டும்," என்றாள் அக்கா.

"ஆயுத பூஜைக்கு ஆயுதம் வைக்கணும். இது ஒரு ஆர்மியும் வேணாம்னு தூக்கிப் போட்டது. நம்ம மச்சான் மாதிரியே. ஆள் எடுக்கும்போது என்கூடதான வந்தான்? கண்ண செக் பண்ணி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அது நல்ல துப்பாக்கி, அத்தான்."

"நீ சுட்டுப் பாத்தியா? போலீஸ் வந்தா மரம்னு விட்டுருவானா? என் வீட்டுல பிடிச்சா யாரு உள்ள போறது, நீயா நானா?"

நிஜம்போல இருக்கும் பொய்த் துப்பாக்கிக்கே இங்கே வழக்கு உண்டு. அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் அதை வெட்டப் பாராங்கை எடுக்கக் குனிந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டு வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது. என்னைக் காய் நறுக்கக்கூட விடமாட்டீங்க, இப்ப நீங்களே எடுக்கறீங்க?"

"சரி, நாளைக்கு வெட்டுறேன். நெருப்பு மூட்டவாவது ஆகும்லா."

மறுநாள் காலை அக்கா பூஜையைக் கலைத்ததும் அவர் பசியாற ரொட்டி சானாய் வாங்கக் கடைக்குப் போனார். துப்பாக்கியை வெளியே கொண்டுபோய் ஒளிக்கவும் வழியில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் வம்பு பெரிதாகும். அவர் கையால் வெட்டுப்படவிடவும் மனம் வரவில்லை. என் ரம்பத்தை எடுத்தேன். பின்வாசலில் உட்கார்ந்து நானே அறுத்தேன். ரப்பர் மரம், சீக்கிரம் அறுந்துவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது, பொட்டு இருந்த துண்டை மேசையில் அவர் தட்டு வைக்கும் இடத்தில் வைத்தேன்.

"இப்ப இது வெறும் மரம். போலீஸ கூப்பிடுங்க," என்றேன். அவரிடம் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை.

அவர் துண்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"மேசையெல்லாம் மரத்தூள். தொடைச்சிட்டுப் போ."

நான் துடைக்கவில்லை.