ஒரு மூட்டை ரயில் டிக்கெட்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. காலி மாத்திரை அட்டைகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஏழை நோயாளிக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்வார்களாம். யார் செய்வார்கள் என்பது மட்டும், வழக்கம்போல, அதில் இல்லை. இது பொய் என்று எழுதினேன். "சேர்த்து வெச்சா என்ன மேடம் குறைஞ்சிடப் போகுது?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பதில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன்.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் வீட்டுக்கு அந்தக் கதை ரயில் டிக்கெட் உருவத்தில் வந்தது. மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிய கடைசி வருடங்கள் அவை. டிக்கெட் என்றால் தேதி குத்திய தடித்த சிறு அட்டை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் ஏரிக்கு அருகே எங்கள் வீடு. அப்பாவின் தங்கைக்குச் சிறு வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. கைகளைத் தரையில் ஊன்றி நகர்ந்தே வீடு முழுக்கப் போவாள் அத்தை. வாசற்படியோடு அவளுடைய ஊர் முடிந்துவிடும்.

ஒரு மூட்டை பழைய டிக்கெட் கொடுத்தால் சக்கர நாற்காலி இலவசம் என்று செய்தி கொண்டுவந்தவர் சித்தப்பா. கொடுப்பது ஒரு மருந்து கம்பெனி என்றார். இல்லை, வெளிநாட்டு டிரஸ்ட் என்றாள் அம்மா. அப்பா மறுநாளே ரயில் பெட்டியில் கூட வருகிறவர்களிடம் டிக்கெட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். அவருடையது சீசன் பாஸ். சொந்தமாக ஒரு டிக்கெட்கூடக் கொடுக்க வழியில்லை. பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் நான் பொறுக்கினேன்.

நான் நான்காம் வகுப்பில் இருக்கும்போது தொடங்கியது அது. மாலையில் அத்தையும் நானும் டிக்கெட்டுகளைக் கொட்டி, ஊர்வாரியாக, தேதிவாரியாகப் பிரிப்போம். எதைப் படித்தாலும் தேதி பார்க்கும் பழக்கம் எனக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது. காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமைப் பல்லாவரம் டிக்கெட்டுகளை மட்டும் அத்தை தனியே ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாள்.

"இவங்கள்லாம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவங்கடி. சக்கர வண்டி வரட்டும், மொத வெள்ளிக்கிழமை நானும் போறேன். நானே பார்த்து, நானே பேரம் பேசி ஒரு ரோஜாச் செடி வாங்கணும். உங்கப்பா கொண்டு வர்ற செடியெல்லாம் வரும்போதே பாதி உயிர்தான் இருக்கு."

ஆறாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் மூட்டை நிறைந்தது. தாம்பரம் ஸ்டேஷனில் வாங்கிக்கொள்வார்கள் என்றார் சித்தப்பா. அப்பாவும் அவரும் ஆளுக்கொரு முனை பிடிக்க, நானும் கூடப் போனேன். வழியில் ஒரு மருந்துக்கடை வாசலில் அப்பா மூட்டையை இறக்கி மூச்சு வாங்கினார். அங்கே விலைச்சீட்டோடு இரண்டு சக்கர நாற்காலிகள் நின்றன. ஒன்றின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு விளையாடினேன். "கடைக்காரர் திட்டுவார், வா" என்றார் அப்பா.

ஸ்டேஷனில் இருந்த ஊழியர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சார், ஆபீஸர் மாதிரி கீறீங்க. நீங்களுமா? இந்த மாசத்துல நீங்க நாலாவது பார்ட்டி சார். எவன் கெளப்பிவுட்டான்னே தெரில, எங்களுக்கும் பேஜாராக் கீது."

பின்னாளில் தேடிப் படித்ததில், இதே கதை சிகரெட் பெட்டி, பஸ் டிக்கெட் என்று வேறு வேறு வேஷத்தில் பல ஊர்களில் உலவியது தெரிந்தது. எந்த ஊரிலும் ஒரு நாற்காலியும் வந்ததாகத் தெரியவில்லை.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா அந்த ஊழியரைப் போலவே பேசிக் காட்ட, அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, சாதத்தைப் பிசைந்தபடி, தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்பது போலத்தான் கேட்டாள்:

"ஏண்ணா, அந்த வண்டி கடையில எல்லாம் விக்கறதில்லையா?"

எனக்குப் பதில் தெரிந்திருந்ததில் பெருமையாக இருந்தது.

"விக்கறாங்களே அத்தை! மருந்துக்கடை வாசல்லயே ரெண்டு நின்னுச்சே. அப்பாவும் பார்த்தாரே!"

"அப்படியா" என்றாள் அத்தை.

அப்பா எழுந்து கைகழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மோரில் பெருங்காயம் போட்டுக் கலக்கி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.