கஸ்டமர் கேட்ட தேதி

மேனேஜருக்கு டீமில் வைத்திருந்த பெயர் 'ஆகட்டும் சார்'. மேலிடம் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வாயில் வரும். அவர் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்ததையெல்லாம் ஆக்கிக் காட்டுவது டீம் லீடு தலையில் விடியும். அவளுக்குப் பல வருடமாக இதே பிழைப்பு. அலுவலகத்தில் கெட்டிக்காரி, வீட்டில் கெட்ட பெயர். "உங்க மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்லு, இந்த வருஷம் நமக்கு ஞாயித்துக்கிழமை உண்டா?" என்று கணவர் கேட்டால் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

இந்த முறை ஒரு மருந்துக் கிடங்குக்கான மென்பொருள். மாதக் கடைசியில் கொடுத்தே ஆகவேண்டும், கஸ்டமர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று ஆகட்டும் சார் வந்து சொன்னார். எல்லோருடைய விடுப்பும் நின்றது. டெஸ்டிங் பார்க்கும் பெண்ணின் அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. இனியும் தள்ளினால் அந்தக் கண் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கஸ்டமர் பேரைச் சொல்லி அவளுக்கு லீவு கிடையாது என்று சொன்னவளும் லீடுதான். அந்தப் பெண் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தாள். லீடுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மாதக் கடைசியில் கிடங்கில் சரக்கு எண்ணுவார்கள். நிற்க நேரமில்லாத அந்த நாட்களில் புது மென்பொருளைக் கொண்டுவா என்று எந்தக் கிடங்குக்காரராவது கேட்பாரா? ஆகட்டும் சாரிடமே கேட்டாள். கஸ்டமர் விஷயத்தில் மூக்கை நுழைக்காதீர்கள் என்று வெட்டிவிட்டார்.

மறுநாள் கஸ்டமரோடு வீடியோ கூட்டம். அந்தப் பக்கம் கிடங்குப் பொறுப்பாளர் அம்மாள். இந்தப் பக்கம் ஆகட்டும் சார், டைரக்டர், டீம். எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கஸ்டமர் முன்னால் மேனேஜர் மட்டுமே பேசுவார். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு முகத்தைக் காட்டினால் போதும். படித்த படிப்புக்கு இதுதான் மரியாதை.

மாதக் கடைசிக்கு எல்லாம் தயார், டீம் உயிரைக் கொடுத்து உழைக்கிறது என்று ஆகட்டும் சார் தேனொழுகப் பேசினார். டைரக்டருக்கு உச்சி குளிர்ந்தது. லீடு தன் மைக்கைப் போட்டாள்.

"மேடம், மாசக் கடைசியிலதான் வேணும்னு நீங்க கேட்டீங்களா?"

ஆகட்டும் சார் குறுக்கே புகப் பார்த்தார். அந்த அம்மாள் முந்திக்கொண்டார்.

"நாங்களா? அது உங்க சார் சொன்ன தேதி. ஸ்டாக் எடுக்கிற நேரத்துல எப்படி முடியும்னு கேட்டேன், தள்ள முடியாதுன்னாரு. இதுக்காக என் ஆளுங்க லீவையெல்லாம் நிறுத்தி வச்சிருக்கேன்."

அங்கேயும் யார் யார் வீட்டில் என்னென்ன நின்று போயிருந்ததோ. ஒருத்தர் டைரக்டரிடம் நல்ல பெயர் வாங்க, இரண்டு அலுவலகம் தூக்கம் கெட்டிருக்கிறது.

தேதி அடுத்த மாதத்துக்குப் போனது. டைரக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனார். ஆகட்டும் சார் லீடைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கஸ்டமர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்கள், நாளையிலிருந்து இந்த டீமில் உங்களுக்கு இடமில்லை என்றார். அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

"சரி சார். இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் லீடு நான்தானே?"

பதிலுக்கு நிற்காமல் தன் இடத்துக்கு வந்தாள். நிறுத்தி வைத்திருந்த விடுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து அத்தனைக்கும் ஒப்புதல் கொடுத்தாள். பிறகு எழுந்து டெஸ்டிங் பெண்ணின் மேசைக்குப் போனாள்.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போம்மா. லீவு இல்லைன்னு உங்கிட்ட சொன்னது நான். இருக்குன்னு சொல்றதும் நானாவே இருக்கணும்."