லாரி நுழையாத தெரு

1. டிரைவரிடம் கேட்ட கேள்வி

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு பழைய வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து, வாடகைக்கு விடுவதும் விற்பதுமாக இருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், லீடு எந்த ஆப்புல எடுக்கீங்க?" என்றுதான்.

விலைக்கு வரும் வீட்டைப் பற்றிய தகவலைத்தான் லீடு என்கிறார்கள். ஆப்பில் வரும் வீட்டை ஊரே பார்த்திருக்கும். 'வீடு விற்பனைக்கு' என்று போர்டு தொங்குவதற்கு முன்பே நமக்குத் தெரிய வேண்டும். அதற்குத் தெருத்தெருவாகப் போகிறவர்களோடு பழக்கம் வேண்டும். மின்கணக்கு எடுப்பவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், எல்லோருக்கும் மேலாகத் தண்ணீர் லாரி டிரைவர். எங்கள் ஊரில் பல இடங்களில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். வீடு அரண்மனையாக இருந்தாலும் தண்ணீர் உப்பென்றால் குடிவந்தவர் ஒரு வருடம் தாண்டமாட்டார். ஆகவே எந்தத் தெருவுக்கு லாரி போவதில்லை என்பதை நான் விசாரித்துக்கொண்டே இருப்பேன்.

இசக்கி என்ற டிரைவர் ஒருநாள் சொன்னான்: "எட்டயபுரம் ரோட்டுக்கு மேக்க ஒரு தெரு இருக்கு அண்ணாச்சி. சுத்தி எல்லாத் தெருவுக்கும் லோடு அடிக்கேன். அதுக்குள்ள மட்டும் ஒருத்தரும் கூப்புட மாட்டுக்காவ."

"ஏம்லே?"

"எனக்கு என்ன தெரியும்? கூப்புட்டாத்தான போவேன்."

தெரு முழுவதும் நல்ல நீரூற்று ஓடுகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு அன்று மாலையே போனேன். பதினேழு வீடுகள். அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது. போர்டு இல்லை.

2. ஒரு டம்ளர் தண்ணீர்

வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த வீட்டின் நான்கு பக்கத்திலும் இருப்பவர்களைப் பார்ப்பது என் வழக்கம். சுவர்த் தகராறு, பங்காளிச் சண்டை எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. பக்கத்து வீட்டில் வந்துவிடும்.

கீழ்ப்பக்கத்து வீட்டில் மரியபுஷ்பம் என்ற பெண் இருந்தார். கணவர் கப்பலில் வேலை. பூட்டிய வீட்டின் சாவி அவரிடம்தான் இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, பூட்டிய வீட்டின் பின்சுவரிலிருந்த சிறிய கேட் வழியாகப் பெண்கள் குடத்தோடு போவதும் வருவதுமாக இருந்தார்கள். எண்ணினேன். பதினொரு குடம்.

"உங்க வீடுகள்ல போர் இல்லையாம்மா?"

"இருக்கு. பாத்திரம் வெளக்க ஆவும்" என்றவர் உள்ளே போய் இரண்டு டம்ளர் கொண்டுவந்தார். "ரெண்டையும் குடிச்சுப் பாருங்க."

முதல் டம்ளரை வாயில் வைத்ததும் துப்பினேன். கடல். இரண்டாவது இளநீர் போல இருந்தது.

"மொதல்ல குடிச்சது எங்க போரு. ரெண்டாவது அந்த வீட்டுக் கிணறு. தெருவே அதுலதான் சோறு பொங்குது."

என் கணக்கு தலைகீழாகிவிட்டது. தெருவில் நல்ல தண்ணீர் இல்லை. ஒரே ஒரு கிணறுதான் லாரியை வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

மரியபுஷ்பம் என்னை விடவில்லை. "ஒங்களுக்கு முன்னாடியே ஒரு புரமோட்டர் ஆபீஸ் மேனேஜர் வந்துட்டுப் போய்ட்டாரு. வீட்ட இடிச்சு பிளாட் கட்டுவாவளாம். கெணத்த மூடிட்டு அது மேல கார் நிப்பாட்டுவாவளாம். எல்லாரும் வந்து வீட்டத்தான் அளக்கிய. இத வாயில ஊத்திப் பாத்தது நீங்க ஒருத்தருதான். அதுவும் நாங் குடுத்ததால."

குத்தலாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்காரரின் போன் நம்பரையும் கொடுத்தார்.

3. ஒரு ஷரத்து

வீட்டுக்காரர் செல்லத்துரை, பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, மருமகன் சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் போன நேரத்தில் அந்த மேனேஜரும் பெரிய பிளானை விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட அதிக விலை சொல்ல அவரால் முடியும் என்பது எனக்குத் தெரியும்.

செல்லத்துரை பிளானைப் பார்த்தார். "இதுல கெணறு எங்கன இருக்கு?"

"அது ஸ்டில்ட் பார்க்கிங்ல வருது சார். ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஆர்.ஓ. மெஷின் குடுத்துடுவோம்."

"தெருவுக்கு?"

மேனேஜர் பிளானைத் திருப்பிப் பார்த்தார், தெரு அதன் பின்பக்கம் இருப்பது போல.

செல்லத்துரை என் பக்கம் திரும்பினார். "நீரு என்னவே செய்வீரு?"

"மூட மாட்டேன்."

"இன்னைக்குச் சொல்லுவீரு. நாளைக்கு நீரு வேற ஒருத்தனுக்கு வித்துட்டா? உம்ம வாய்ச்சொல்ல எங்க பக்கத்து வீட்டுக்காரி குடத்துல மோந்துக்கிடவா முடியும்?"

நியாயமான கேள்வி. "கிரயப் பத்திரத்துலயே எழுதிருவோம். தெருவுல உள்ள எல்லா வீட்டுக்கும் தண்ணி எறைக்கிற பாத்தியம், வந்துபோற பாதையும் சேத்து. என்னையும் கட்டும், எனக்குப் பொறவு வாங்குதவனையும் கட்டும்."

மேனேஜர் என்மேல் இரக்கப்பட்டுக் குனிந்து சொன்னார்: "சார், ரீசேல் வேல்யூ போயிடும்."

போகும் என்பது எனக்கும் தெரியும். செல்லத்துரை அந்த ஷரத்தோடு எனக்கே கொடுக்கச் சம்மதித்தார். பத்திரம் எழுதுபவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, வீட்ட வாங்குதியளா, தெருவுக்கு எழுதி வைக்கியளா?" அன்றிலிருந்து எனக்குக் கவலைதான். குழந்தை எதுவும் எட்டிப் பார்த்து விழுந்துவிட்டால்? கோடையில் கிணறு வற்றினால்? செல்லத்துரை மனம் மாறினால்? என் மனைவி காபியைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "வீடும் வேணும், கவலையும் வேணுமா ஒங்களுக்கு? ரெண்டுல ஒண்ண விடுங்க."

செல்லத்துரை மனம் மாறவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஷரத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு மருமகனிடம் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் முதலில் செய்த வேலை, கிணற்றுக்கு இரும்புக் கிராதி மூடி போட்டதும் பின் கேட்டுக்குப் புதுக் கீல் மாட்டியதும்தான்.

4. பிறகு நடந்தது

அந்த வீட்டை நான் விற்கவே இல்லை. இட்லி மாவு அரைத்து விற்கும் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு அவர்கள் எங்கே போவார்கள்?

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு காலையில் மரியபுஷ்பம் போன் செய்தார்: "அண்ணாச்சி, மேலத்தெருவுல ஒரு வீடு குடுக்கப் போறாவ. மகன் துபாய்க்கே எல்லாரையும் கூட்டிட்டுப் போறானாம். தண்ணி எடுக்க வந்தவ சொன்னா. இன்னும் புரோக்கர் காதுக்குப் போவல." அதை வாங்கினேன். அதற்குப் பிறகும் மூன்று வீடுகள் அந்தக் கிணற்றடியிலிருந்தே வந்தன. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒன்றுக்குக்கூடப் போர்டு மாட்டப்படவில்லை, ஒன்றில்கூட எல்லைத் தகராறு இல்லை. அதில் ஒரு வீட்டை விற்பவர் என்னைத் தேடி வந்து, "நீங்கதான கெணத்துக் கேட்டப் பூட்டாதவரு?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்.

நான் கற்றது இவ்வளவுதான். செய்தி நம்மைத் தேடி வர வேண்டுமென்றால், நாலு பேர் தினமும் நின்று பேசுகிற இடத்துக்கு நம்மால் ஒரு உபகாரம் நடந்திருக்க வேண்டும்.

சமீபத்தில் அந்த மேனேஜர் போன் செய்தார். இப்போது சொந்தமாகத் தொழில் செய்கிறாராம். "சார், அந்த ஏரியாவுல உங்களுக்கு மட்டும் எப்படி முன்னாடியே தெரியுது?"

"ஒரு குடத்தத் தூக்கிட்டு காலைல வந்து வரிசைல நில்லுங்க தம்பி. எல்லாம் காதுல விழும்."

அவர் சிரித்தார். நான் தொழிலைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.