மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

தலையிலிருந்து இரும்புப் பின்களை ஒவ்வொன்றாக உருவித் தகர டப்பாவில் போடுகிறார் அக்கா. மொத்தம் ஏழு. பிறகு கைக்கடிகாரம். காந்தத்தின் பக்கத்தில் போனால் கடிகாரம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. பத்தொன்பது வருடமாகக் கழற்றி வைக்கும் அந்தக் கடிகாரம் ஒரு நாளும் சரியான நேரம் காட்டியதில்லை.

கண்ணாடித் தட்டுகள் மேல், தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுக்கு உலோகம் பூசும் இயந்திரம் அவர் பொறுப்பு. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, துளி வாயுவை விட்டு, மின்சாரம் கொடுத்தால் ஊதா வெளிச்சம் பற்றிக்கொள்ளும். உலோகத் தகட்டின் பின்னாலிருக்கும் காந்தங்கள் அதை வளையமாகப் பிடித்து வைக்கும். "காந்தம் இல்லேன்னா அது ஊர் சுத்தப் போயிடும். தகட்டுல வேலை நடக்காது" என்பார்.

மூன்று மாதம் முன்பு அவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். காந்தத்திடமிருந்து ஒரு கை தூரம் தள்ளியிருங்கள் என்றார் டாக்டர். அக்கா இரண்டு மீட்டர் அளந்து தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார். "டாக்டருக்கு இதயம் தெரியும். இந்தக் காந்தத்தைத் தெரியாதுல்ல?" கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்க்க வாங்கிய பைனாகுலரால் இயந்திரத்தின் சின்னக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கிறார். யாரும் சிரிப்பதில்லை. முதல் நாளே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அன்று அவருக்குப் பதிலாகக் காந்தங்களைத் துடைத்து மாட்டியவர், காற்றை உறிஞ்சும் பம்பைப் பார்த்துக்கொள்ளும் பம்ப்காரர். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே பூச்சைச் சரியாக வரவைத்தால் அக்கா இங்கேயே இருக்கலாம், இல்லாவிட்டால் பேக்கிங் பிரிவு என்று சொல்லியிருந்தார் மேலாளர்.

ஊதா வளையம் பற்றிக்கொண்டது.

"கீழே இடது பக்கம் மங்குது. நிறுத்துங்க."

"எனக்கு முழுசாத்தான் தெரியுது அக்கா."

"உங்க சட்டையில ஒரு பட்டன் இல்லாததே உங்களுக்குத் தெரியல. மாட்டும்போது ஏதாவது ஒண்ணு முரண்டு பண்ணாம சமத்தா உட்கார்ந்துச்சா?"

"ஆமா, ஒண்ணே ஒண்ணு. நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்."

"அதுதான் தலைகீழா இருக்கு. ஒழுங்கா வச்சா ஒண்ணையொண்ணு தள்ளும்."

இயந்திரத்தைத் திறந்து அதைத் திருப்பி வைக்கையில், காந்தம் பம்ப்காரரின் கட்டைவிரலோடு மல்லுக்கட்டியது. அக்காவின் வலது கால் கோட்டைத் தாண்டியது. குனிந்து பார்த்தார்; காலை இழுத்துக்கொண்டார்.

மறுபடி காற்றை உறிஞ்ச ஒன்றரை மணி நேரம் ஆனது. இந்த முறை வளையம் எங்கும் அறுபடவில்லை. பூச்சு ஓரத்துக்கு ஓரம் ஒரே அளவு. மேலாளர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருங்க அக்கா, இங்கேயே இருங்க" என்று சொல்லிப் போனார்.

அக்கா டப்பாவைத் திறந்து ஆறு பின்களைத் தலையில் செருகிக்கொண்டார். ஏழாவதை உள்ளங்கையில் வைத்து, கோட்டுக்கு அப்பால் கையை நீட்டினார். காந்தம் இழுக்கவில்லை; பின் அசையாமல் கிடந்தது. நீட்டிய கையை அவர் உடனே மடக்கவில்லை.